முக்கால் டாங்கி எண்ணெய்

“காடி ஓட்டுறது என்னா சயின்ஸ் பேப்பரா பாப்பா, படிச்சி பாஸ் பண்றதுக்கு?”

செம்பனை ஆலையில் பிட்டராக வேலை செய்தவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அப்பாவின் சிநேகிதர் என்பதால் அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆலையின் லாரி முற்றத்தில், சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு பேருக்கும் கேட்கும்படி கேட்டார். என் கையில் ஒரு நோட்டு இருந்தது. அன்று ஓடிய கார்களின் நேரத்தை அதில் எழுதிக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்தது பெரிதாகத் தெரியவில்லை. அப்பா சிரித்ததுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே லாரியில் செம்பனைக் குலை ஏற்றும் வேலை வந்துவிட்டது. பிறகு அதே லாரியை ஓட்டினார். எண்கள் எல்லாம் அவருக்குத் தெரியும், எழுத்துகள் தெரியாது. அம்மா தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டிலேயே நிறுத்தப்பட்டவர். அந்த வீட்டிலிருந்து ஒருத்தி ஐந்தாம் படிவத்தை முடித்து, போர்டிக்சன் பக்கம் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கப் போனாள் என்றால், அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தானே செய்யும். எனக்கு இருந்தது. மாமா ஊசி குத்தியது அந்த இடத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலை ஓடாது. வாரம் முழுவதும் குலை லாரிகள் வரிசை கட்டி நிற்கும் தார் முற்றம் அன்று காலியாகக் கிடக்கும். மேனேஜரிடம் கேட்டு எங்கள் ஆட்கள் அதை மதியம்வரை வாங்கிக்கொண்டார்கள். போகும்போது கூட்டிப் பெருக்கிவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. சாலை போடுகிறவர்களிடம் கேட்டு வாங்கிய ஆரஞ்சு நிறக் கோன்கள் இருபது இருபத்தைந்து இருந்தன. அவற்றை நெளிநெளியாக வைத்து, ஒரு நேரத்தில் ஒரு காரை மட்டும் விடுவார்கள். யாரும் யாரையும் முந்துவதில்லை. போட்டியெல்லாம் கடிகாரத்தோடுதான். கோனைத் தட்டினால் இரண்டு வினாடி கூடும். பாதையைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே சேராது. இதற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. எங்கள் ஆட்களுக்கு அது “கோன் சுத்துறது.” சனிக்கிழமை சாயங்காலமே ஒருவரையொருவர், “நாளைக்கிக் கோன் சுத்த வர்றியா?” என்று கேட்டுக்கொள்வார்கள்.

வருகிறவர்கள் பெரும்பாலும் லாரிக்காரர்கள். பக்கத்து ஊரான சுவாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் தன் கடை வேனோடு வருவார். பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர்ப் பொட்டலங்களும் நாசி லெமா என்ற தேங்காய்ப்பால் சோறும் அவருடைய வேனில்தான் வரும். விற்று முடித்ததும் அதே வேனில் கோன் சுற்றுவார். உள்ளே பானைகள் உருளும் சத்தம் முற்றத்தின் அந்தக் கடைசிவரை கேட்கும். போர்டிக்சன் ராணுவ முகாமிலிருந்து, ஆபாங், அதாவது அண்ணன், என்று நாங்கள் கூப்பிடும் ஒரு மலாய்க்காரரும் வருவார். கோன் சுற்றும் பழக்கத்தை எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவரே அவர்தான்.

மற்ற ஊர்களில் இல்லாத ஒரு வழக்கம் எங்களிடம் இருந்தது. ஒவ்வொரு காரும் ஓடுவதற்கு முன்னால் எடைமேடையில் ஏற வேண்டும். குலை லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் இரும்பு மேடை அது. அங்கே வேலை செய்த அக்காவின் வீடு பக்கத்திலேயே இருந்ததால், ஞாயிற்றுக்கிழமையும் வந்து சன்னலைத் திறந்து உட்கார்ந்துகொள்வார். காரை ஏற்றினால் தேதியும் எடையும் அச்சடித்த ஒரு சின்னச் சீட்டு வெளியே வரும். அக்கா அதைக் கிழித்துக் கொடுப்பதற்கு முன் எடையைச் சத்தமாகப் படிப்பார். கேட்கிறவர்கள் கைதட்டுவார்கள், அல்லது கேலி செய்வார்கள்.

ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவர்களுக்கு எடைதான் எல்லாம். காலி லாரி எப்படிப் போகும், ஏற்றிய லாரி எப்படிப் போகும் என்பது அவர்கள் முதுகுக்கே தெரியும். அதனால் காரை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொண்டு வருவார்கள். மாற்று டயர், ஜாக்கி, தரைவிரிப்பு, பின்சீட்டு எல்லாம் வீட்டில் இறங்கிவிடும். ஒருவர் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த பிள்ளையாரைக்கூடப் பெயர்த்தெடுத்துவிட்டு மேடையில் ஏற்றினார். எண் மாறவில்லை என்றதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்ப ஒட்டினார். கடைசியில் கைவைத்தது எண்ணெயில். எங்கள் பக்கம் காரைக் காடி என்பதுபோல, பெட்ரோலை எண்ணெய் என்றுதான் சொல்வோம். டாங்கியில் எண்ணெய் தீர்ந்து சிவப்பு விளக்கு எரியும்போது ஓட்டினால்தான் கெட்டிக்காரன் என்று ஆகிவிட்டது.

தம் முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் எல்லோரும் தேநீர்ப் பொட்டலத்தின் கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டு, ஸ்ட்ராவைக் கடித்தபடி எண்ணெயைப் பற்றிப் பேசுவார்கள். தொண்ணூற்றைந்தா தொண்ணூற்றேழா என்பதுதான் வாரம் தவறாத பேச்சு. மஞ்சள் பம்பில் வருவது தொண்ணூற்றைந்து, பச்சைப் பம்பில் வருவது தொண்ணூற்றேழு.

“தொண்ணூத்தஞ்சு ஊத்துனா மேடு ஏறுன கெழவனாட்டம் மூச்சு வாங்குது. தொண்ணூத்தேழு ஊத்திப் பாரு, சும்மா பறக்கும்” என்பார் மாமா.

“பறக்குறது காடியா, ஒங்க பேச்சா?” என்பார் பாய்.

“பாய், ஒங்க வேனு சம்பல் ஊத்துனாக்கூட ஓடும். நீங்க பேசாதீங்க.”

“சம்பல் அரைக்கிற பாடு தெரியுமா ஒங்களுக்கு? அதுக்குத் தொண்ணூத்தேழே பரவால்ல லா.”

நான் ஒரு நாள் நடுவில் புகுந்தேன். “மாமா, தொண்ணூத்தேழுன்னா சக்தி அதிகம்னு அர்த்தம் இல்ல. எண்ணெய் எஞ்சினுக்குள்ள நேரத்துக்கு முன்னாடி வெடிக்காம எவ்வளவு தாங்கும்னு சொல்ற நம்பர் அது. நம்ம பழைய எஞ்சினுக்குத் தொண்ணூத்தஞ்சே போதும்.”

“அப்படியா? அப்படின்னா ஆபாங் காடி மட்டும் ஏன் அந்தப் போக்குப் போவுது? அவர் ஊத்துறது பச்சப் பம்பு.”

ஆபாங்கின் கார் கொஞ்சம் புதியது என்றேன். “சால்ஜாப்பு” என்றார் மாமா. ஆபாங் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாம்பல் நிறம், நான்கு கதவு. என்னைவிட ஒரு வயது இளையது. அப்பா அதை இரண்டாம் கையாக வாங்கிய நாளில் அம்மா நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஐந்தாம் படிவப் பரீட்சை நாட்களில் அப்பா லாரிக்கு லீவு போட்டுவிட்டு என்னை அதில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இறக்கிவிட்டுவிட்டுத் திரும்பிப் போக மாட்டார். வேலிக்கு வெளியே காரை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருப்பார், ஏதோ பரீட்சை முடியும்வரை அவர்தான் ஓட்டிக்கொண்டிருப்பதுபோல. என் மேசையிலிருந்து அந்தச் சாம்பல் கூரையின் ஒரு மூலை தெரியும். கணக்குப் பரீட்சையில் ஒரு கேள்வியில் சிக்கிக்கொண்டபோது நான் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று வாளி, தலையணை, கோரைப்பாய், அம்மா செய்த மாங்காய் ஊறுகாய் எல்லாம் பின்சீட்டில் ஏறி வந்தன. ஊறுகாய் எண்ணெய் சிந்திய கறை கடைசிவரை போகவில்லை.

கோன் சுற்ற ஆரம்பித்த பிறகு அந்தப் பின்சீட்டை அப்பா கழற்றி வீட்டு வாசலில் போட்டுவிட்டார். அம்மாவுக்கு அது நல்ல சோபாவாகிவிட்டது. சாயங்காலம் அதில் உட்கார்ந்துதான் தேநீர் குடிப்பார்.

அந்தக் கார்தான் இருமத் தொடங்கியது. முற்றத்தின் கோடியில் ஆலையின் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதைச் சுற்றி வலது பக்கமாக ஒரு நீண்ட வளைவு. அப்பா பிரேக்கை லேசாகத் தொட்டுவிட்டு அதில் வேகமாக நுழைவார். பாதி வளைவில் எஞ்சின் கக் கக் என்று இருமும், ஒரு நொடி செத்துப் பிழைக்கும். அந்த நொடியில் நேரமெல்லாம் போய்விடும். வளைவைத் தாண்டி நேரே வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

“வயசாச்சு மச்சான், காடிக்கும் ஒனக்கும்” என்றார் மாமா. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார் ஒருவர். தொண்ணூற்றேழு ஊற்று என்றார் இன்னொருவர். அப்பா பச்சைப் பம்பில் ஊற்றினார், அதுவும் எடை கூடக் கூடாது என்று கொஞ்சமே ஊற்றினார். இருமல் நிற்கவில்லை. பிளக் தேய்ந்திருக்கும் என்று நான் சொன்னேன், வகுப்பில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். அப்பா என்னை நம்பி நாலு பிளக்கையும் மாற்றினார். அடுத்த ஞாயிறு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கார் அதே இடத்தில் இன்னும் சத்தமாக இருமியது. மாமா அந்த சயின்ஸ் பேப்பர் கேள்வியைக் கேட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்தோம். அப்பா சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“மந்தின் பொட்டோங் கடைக்காரன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கான். குடுத்துடலாம்.”

மந்தின் ஊரில் பழைய கார்களை வெட்டிப் பாகம் பாகமாக விற்கும் கடை அது. ஒரு முறை அதன் பக்கமாகப் போயிருக்கிறேன். கதவுகள் ஒரு பக்கம், மூக்குகள் ஒரு பக்கம் என்று அடுக்கி வைத்திருப்பார்கள்.

“எப்பவும் வித்துடுறேன்னு சொல்றீங்க, எப்போ விக்கிறீங்க” என்றார் அம்மா. “அது நடு ரோட்டுல நின்னா நான்தான் தள்ளணும்.”

“அடுத்த ஞாயிறு ஒரு வாட்டி ஓட்டிப் பாக்குறேன். அப்பவும் இருமுச்சின்னா திங்கக்கெழம அவன் வந்து இழுத்துட்டுப் போவட்டும்.”

பிளக் என்று சொன்ன என் வாய்க்கு இனிமேல் என்ன மதிப்பு.

அது செமஸ்டர் விடுமுறை. அந்த வாரம் முழுவதும் நான் வீட்டில்தான் இருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா கொடுத்துவிடப் போகிற காரைச் சுத்தம் செய்தார். முன் பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் வளையம் போட்ட சீட்டுக் கட்டை எடுத்து என்னிடம் கொடுத்து, “இத குப்பையில போட்டுடு ஆத்தா” என்றார். எல்லாம் எடைமேடைச் சீட்டுகள். ஒரு வருடத்துச் சீட்டுகள், ஒன்றுகூட விடாமல். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிற மனிதர், இந்தச் சீட்டுகளை மட்டும் யாரையும் கேட்காமல் தானே படித்துவிடுவார். அதில் இருந்ததெல்லாம் எண்கள்தான். குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை.

வாசலில், அந்தப் பின்சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டுகளைத் தேதி வரிசையில் வைத்தேன். என் நோட்டிலும் தேதியும் நேரமும் இருந்தன. கார் இருமிய நாளில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தேன். அப்பா பார்த்தால் புரிய வேண்டும் என்றுதான் எழுத்தில் எழுதாமல் வட்டம் போடும் பழக்கம் வந்தது. சீட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது முதலில் என் கண்ணையே நம்பவில்லை. எடை குறைந்த நாட்களில் எல்லாம் வட்டம் இருந்தது. எடை எவ்வளவு குறைவோ அவ்வளவு மோசமான நேரம்.

வட்டமில்லாத நாட்களில் ஒன்று நன்றாக ஞாபகம் இருந்தது. சிரம்பானில் அத்தை மகள் கல்யாணம். முற்றத்திலிருந்து நேரே போக வேண்டும் என்று அப்பா டாங்கியை நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். எடைமேடை அக்கா எண்ணைப் படித்ததும் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். அப்பா வெட்கத்தில் ஏனோதானோ என்று ஓட்டிவிட்டு அவசரமாகக் கிளம்பினார். தன் நேரம் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. நோட்டில் பார்த்தால் அந்த வருடத்திலேயே அவருடைய நல்ல நேரம் அதுதான்.

பாரம் கூடினால் கார் எப்படி வேகமாகப் போகும்? படித்த எதிலும் அது ஒத்துவரவில்லை. நான் சீட்டுகளையே வெறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா, பாய் கடைத் தேநீர்ப் பொட்டலத்தை உறிஞ்சிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

“என்னாடி அது, சீட்டு வெளாட்டா?”

அவர் சாய்ந்ததில் பொட்டலமும் சாய்ந்தது. ஸ்ட்ரா கொர்ர் என்று காற்றை இழுத்தது. பொட்டலத்தில் இரண்டு மடக்குத் தேநீர் இன்னும் இருந்தது. அது ஒரு மூலைக்குப் போய்விட்டது, ஸ்ட்ரா மறு மூலையில் இருந்தது. அம்மா பொட்டலத்தை நிமிர்த்திவிட்டு மிச்சத்தைக் குடித்து முடித்தார்.

நான் எழுந்து காரிடம் ஓடினேன். பின்சீட்டு இல்லாததால் தரை வெறும் தகடாகக் கிடந்தது. அதில் வட்டமாக ஒரு மூடி. டாங்கியிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் பம்பு அதற்கு நேர் கீழே இருக்கும். மூடி நடுவில் இல்லை, வலது பக்கமாக இருந்தது. வலது பக்கம் வேகமாகத் திரும்பினால் எண்ணெய் இடது பக்கம் போகும். டாங்கி நிறைய இருந்தால் அதனால் ஒன்றுமில்லை. சிவப்பு விளக்கு எரியும் அளவுக்குத்தான் இருந்தால் பம்பு காற்றைத்தான் இழுக்கும். எடைமேடையில் ஒரு எண்ணைக் குறைப்பதற்காக நாங்களே காரின் மூச்சைப் பிடித்திருக்கிறோம்.

அப்பாவிடம் உடனே போய்ச் சொல்லவில்லை. பிளக் விஷயம் நெஞ்சிலேயே நின்றது. சீட்டுகளையும் நோட்டையும் அவர் முன்னால் வைத்தேன், அவ்வளவுதான். அவர் விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டு போனார். வட்டம், வட்டம், வட்டம். கல்யாண நாளில் விரல் நின்றது.

“இது எப்போ ஓட்டுனது?”

“அத்த வீட்டு அக்கா கல்யாணத்தன்னிக்கிப்பா.”

“இந்த நேரம் என்னுதா?”

“ஒங்களுதுதான்.”

அதற்குப் பிறகுதான் அம்மாவின் பொட்டலத்தில் இரண்டு மடக்குத் தேநீர் ஊற்றிச் சாய்த்துக் காட்டினேன். அப்பா இரண்டு முறை உறிஞ்சிப் பார்த்தார். கொர்ர் என்று வந்தது. “டீய வச்சி காடி ரிப்பேரா?” என்று அம்மா கேட்டார். அப்பா சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சுவா எண்ணெய் நிலையத்தில், மஞ்சள் பம்பில், முள் முக்காலைத் தொடும்வரை ஊற்றினோம். அப்பா முள்ளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றார். அவரைப் பொறுத்தவரை அது பந்தயத்துக்குக் கல் மூட்டை ஏற்றிக்கொண்டு போவது மாதிரி.

எடைமேடை அக்கா சீட்டைக் கிழித்தார். “அண்ணே, போன வாரத்துக்கு இருவது கிலோ கூட! நல்லா பசியாறிட்டு வந்தீங்களா?”

“மச்சான் குலை ஏத்திக்கிட்டு வந்துட்டான்யா” என்றார் மாமா. “ரேம்பு அந்தப் பக்கம் மச்சான், அங்க போயி கொட்டு.”

காத்திருந்தபோது நான் ஆபாங்கிடம் மலாயில் கேட்டேன், டாங்கியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று. “ஹாஃப் டேங்க் லா, டேக். நாக் பாலிக் பிடி” என்றார். பிடி என்றால் போர்டிக்சன். திரும்பிப் போக எண்ணெய் வேண்டுமே, அதனால் அவர் ஒரு நாளும் டாங்கியைக் காலி செய்ததில்லை. பச்சைப் பம்பின் மகிமை என்று ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்ததற்கு விடை அவ்வளவுதான்.

எங்கள் முறை வந்தது. அப்பா இறங்கிச் சாவியை என் கையில் வைத்தார்.

“நீதான சொன்ன. நீயே சுத்து.”

எனக்கு லைசன்ஸ் இருந்தது. ஆனால் கோன்களுக்கு நடுவில் ஒரு தடவையும் ஓட்டியதில்லை. அப்பா என்னை நம்பிக் கொடுத்தாரா, அல்லது இருமினால் அந்த அவமானம் தன் கையால் நடக்க வேண்டாம் என்று கொடுத்தாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை. கிளட்சைச் சட்டென்று விட்டதில் முதல் கியரிலேயே கார் ஒரு முறை நின்றுபோனது. பாய் விசிலடித்தார். இரண்டு கோனைத் தட்டினேன். தண்ணீர்த் தொட்டி வளைவில் நுழைந்தபோது என் காது முழுவதும் எஞ்சினுக்குள் இருந்தது. கார் முழு வளைவையும் ஒரே மூச்சில் சுற்றி வந்தது.

நான் இறங்கிய வேகத்தில் மாமா சொன்னார்: “எறும்பு போற ஸ்பீடுக்கு எங்க இருமும்?”

அவர் சொன்னது நியாயம்தான். மெதுவாகத் திரும்பினால் எண்ணெய் அவ்வளவு ஒதுங்காது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

அந்த ஓட்டம் இன்னும் அப்படியே கண்ணில் இருக்கிறது. ஆலைப் புகைபோக்கி புகையில்லாமல் நின்றது. அக்கா சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டிருந்தார். அப்பா வளைவுக்கு முன்னால் எப்போதும் போடும் பிரேக்கைக்கூடப் போடவில்லை. கார் இடது பக்கம் சாய்ந்தது, டயர்கள் கிறீச்சிட்டன. நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. வழக்கமாக இருமும் இடம் வந்தது. போனது. எஞ்சின் ஒரே சுதியில் பாடிக்கொண்டு தொட்டியைச் சுற்றி வெளியே வந்தது. கடிகாரத்தை அழுத்த நான் கொஞ்சம் பிந்திவிட்டேன். பிந்தியும் அது கல்யாண நாளை முந்திய நேரம்.

அக்காதான் முதலில் கத்தினார். “இருமலயே!”

மாமா வானத்தைப் பார்த்தார். “காத்து இன்னிக்கி நல்லா அடிச்சிச்சி” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய கார் எடைமேடையில் ஏறியபோது இருபது கிலோ கூடியிருந்தது. அக்கா எண்ணைப் படித்தார். நான் நோட்டில் எழுதினேன். மறுவாரம் இன்னும் இரண்டு கார்களின் எடை கூடியது.

அப்பா இருமாமல் ஓட்டிக் காட்டிய மறுநாள், திங்கட்கிழமை, மந்தின் கடைத் தவ்கே, அதாவது முதலாளி, கயிறும் கொக்கியுமாக வந்தார். அப்பா அவரை வாசலில், காரின் பின்சீட்டிலேயே உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். வண்டி எங்கே என்று கேட்டதற்கு, “அது ஓடுற வண்டி லா தவ்கே, அத எதுக்கு வெட்டுற?” என்றார். அவர் சிரித்துவிட்டு, உட்கார்ந்திருந்த சீட்டையாவது கொடு என்று கேட்டார். அதற்கு அம்மா விடவில்லை.

இப்போது அந்த முற்றத்தில் யாரும் கோன் சுற்றுவதில்லை. ஆலைக்குப் புதிய வேலியும் பூட்டும் வந்துவிட்டன, ஞாயிற்றுக்கிழமையும் லாரிகள் உள்ளேதான் நிற்கின்றன. மாமா மகன் வீட்டோடு போய்விட்டார். எடைமேடை அக்கா வேறு ஆலைக்கு மாறிவிட்டார். ஆபாங்குக்கு வடக்கே மாற்றல். பாய் மட்டும் அதே கடையில் இருக்கிறார். வேன் மட்டும் புதிது, அதில் பானை உருளும் சத்தம் கேட்பதில்லை. நான் படிப்பை முடித்து, சிரம்பானில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். வேலைக்குப் போய்வரும் வழியில் வலது பக்கம் ஒரு நீண்ட வளைவு இருக்கிறது. அங்கே வரும்போதெல்லாம் காது தானாகவே எஞ்சினுக்குள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சில நேரம் காரணமில்லாமல் சீக்கிரம் விழித்துக்கொள்கிறேன். எங்கும் போக வேண்டியதில்லை என்பது பிறகுதான் உறைக்கும்.

அப்பா லாரியை விட்டுவிட்டார். கிளட்ச் மிதித்தே அவர் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. சாம்பல் நிறக் கார் வீட்டு நிழலில் நின்றுகொண்டிருந்தது. வாரத்துக்கு ஒருமுறை அதை எழுப்பி, பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு அணைப்பார். எடைமேடைச் சீட்டுகள் அதே ரப்பர் வளையத்தோடு முன் பெட்டியில் இருக்கின்றன. போன மாதம் அவராகவே என்னைக் கூப்பிட்டு, “வா, காடிய ஒம் பேருக்கு மாத்திடலாம்” என்றார். அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நான்தான் அவருக்குக் காட்டினேன். புதிய தாளில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார்.

போர்டிக்சனில் கடற்கரைக்குப் பக்கத்து மைதானத்தில் அடுத்த ஞாயிறு எல்லோருக்குமான கோன் ஓட்டம் இருக்கிறது. செய்தியை மாமாவுக்கு அனுப்பினேன். பதிலுக்குக் குரல் பதிவில் ஒரே ஒரு கேள்வி வந்தது: “எம்புட்டு எண்ணெய் ஊத்தப் போற?”

பதில் இன்னும் அனுப்பவில்லை. படிவத்தை வியாழக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். வண்டியின் உரிமையாளர் என்ற இடத்திலும் ஓட்டுநர் என்ற இடத்திலும் ஒரே பெயரை எழுதினேன். அவர்கள் கொடுத்த போட்டி எண்ணைக் கதவில் அப்பா ஒட்டினார், காற்றுக் குமிழி இல்லாமல், துணியால் நீவி நீவி. இன்று காலை சுவாவுக்குப் போய் மஞ்சள் பம்பில் முள் முக்காலைத் தொடும்வரை ஊற்றிக்கொண்டு வந்து, காரை வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.